கேட்டதா என்று கேட்ட திரை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. மற்றபடி அந்தத் தொழிற்சாலையில் அதை யாரும் வாயில் எடுத்ததில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி இன்ஜினியர்கள் வரை எல்லோருக்கும் அவள் ஒய்யக்கா. நாள் முழுக்க கீபோர்டில் ஒய் என்ற எழுத்தைத் தட்டுவதுதான் அவள் வேலை என்று யாரோ கேலியாக ஆரம்பித்து வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. முதல் மாதம் கோபம் வந்தது. அப்புறம் விட்டுவிட்டாள். "என்னை எப்படி வேணா கூப்பிடட்டும். நான் எதைத் தட்டணும்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது" என்று வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

அந்தத் தொழிற்சாலையில் செய்தது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சிறு இயந்திரம். மருந்தை மணிக்கு இத்தனை சொட்டு என்று அளந்து நோயாளியின் நரம்புக்குள் அனுப்பும். அதற்குள் ஓடும் கணினி நிரலை மாடியில் எழுதினார்கள். புதிதாக ஒன்று எழுதி முடித்ததும் அதைச் சோதிக்க இன்னொரு நிரல். நானூற்றுச் சொச்சம் சோதனைகள், காலையில் ஓடவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடும். இயந்திரத்தை இயந்திரமே பரீட்சை வைத்துத் தானே மதிப்பெண்ணும் போட்டுக்கொள்ளும். ஆனால் அறுபத்தோரு இடங்களில் மட்டும் அது நின்றுவிடும். கன்சோல் என்று அவர்கள் சொல்லும் கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றும். சிவப்பு விளக்கு எரிகிறதா? ஒய் அல்லது என். எண்கள் தெளிவாகத் தெரிகின்றனவா? ஒய் அல்லது என். வரிக்குக் கீழே ஒரு சிறு கட்டம் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு மனுஷப் பிறவி பார்த்து, ஆமாம் என்றால் ஒய், இல்லை என்றால் என் தட்டாமல் அது ஓர் அடி நகராது.

அந்த மனுஷப் பிறவிதான் ஒய்யக்கா.

அந்த நாற்காலிக்கு அவள் வந்து சேர்ந்ததே ஒரு சண்டையில்தான். பத்தொன்பது வருஷம் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மின்சுற்றுப் பலகைகளில் ஈயம் வைத்துப் பற்றவைத்தவள் அவள். அந்த வேலைக்கும் ஒரு நாள் இயந்திரம் வந்தது. பன்னிரண்டு பெண்களை ஒரே நாளில் கூப்பிட்டு, விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பதினொரு பேர் போட்டார்கள். இவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். "எனக்குப் போக விருப்பம் இல்லைங்க. வேற வேலை குடுங்க" என்றாள். வேறு வேலை இல்லை என்றார்கள். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சரக்கு அறை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த நாளும் உட்கார்ந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள், அவளைப் பார்க்கச் சங்கடப்பட்ட யாரோ ஒருவருக்குச் சோதனை அறையின் ஞாபகம் வந்தது. அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார இன்ஜினியர்கள் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. படித்த படிப்புக்கு இதுவா வேலை என்று முணுமுணுத்துக்கொண்டு, தங்கள் இடத்திலிருந்தே திரும்பிப் பாராமல் ஒய், ஒய், ஒய் என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒய்யக்கா வந்ததும் நாலு மணி நேரத்தில் முடிந்த சோதனை ஆறு மணி நேரம் ஆனது. அவள் ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து போய் இயந்திரத்தைப் பார்த்தாள். வெயில் விழும் பக்கத்திலிருந்து ஒரு தடவை, நிழல் பக்கத்திலிருந்து ஒரு தடவை. முதல் மாதத்திலேயே பச்சை விளக்கு எரிகிறதா என்ற கேள்விக்கு என் தட்டினாள்.

"எரியுதே அக்கா" என்றார்கள்.

"எரியுதுதான். பச்சையான்னுல்ல கேக்குது? இது எலுமிச்சம்பழ நிறம்."

எல்லோரும் சிரித்தார்கள். விளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, விற்றவன் வேறு சரக்கைக் கலந்து அனுப்பியிருந்தது தெரிந்தது. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

வீட்டிலும் அவளுடைய வேலை ஒரு வேடிக்கைதான். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். "நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சு ஒடிச்சு சம்பாதிக்கிறேன். இவ ஒரே விரல்ல சம்பாதிக்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மாடியில் குடியிருந்த நாத்தனாரோ, ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷ நர்ஸ். தான் செய்வது உயிர் காக்கும் வேலை, அண்ணி செய்வது பொழுதுபோக்கு என்பது அவள் எண்ணம். அதை மறைக்க அவள் பெரிதாக முயற்சி செய்ததும் இல்லை. இருவருக்கும் பேச்சு என்பது குழாயில் தண்ணீர் வருகிறதா, மாடிக் கதவைப் பூட்டியாயிற்றா என்ற அளவோடு சரி.

ஒய்யக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது நடக்கும்போதுதான் இருநூற்றுப் பன்னிரண்டாம் சோதனை வந்தது.

நோயாளி புரண்டு படுத்து மருந்துக் குழாய் மடங்கிவிட்டால் இயந்திரம் அலற வேண்டும். பழைய ஒலி தடதடவென்று வார்டையே எழுப்பிவிடுகிறது, நோயாளிகளின் தூக்கம் கெடுகிறது என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து புகார் வந்ததால் புதிய பதிப்பில் அதை மாற்றியிருந்தார்கள். மெல்லிய, கூர்மையான, நாகரிகமான ஒலி. அதைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு வாரம் ஆனதாம்.

அன்று காலை திரையில் அந்தக் கேள்வி வந்து நின்றது. குழாய் அடைப்பு எச்சரிக்கை ஒலி கேட்டதா? ஒய் அல்லது என்.

ஒய்யக்கா இயந்திரத்தைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒலி இல்லை. கிட்டே போய்க் காதை வைத்துப் பார்த்தாள். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, வெளியே லாரி பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது, இயந்திரத்தின் சத்தம் மட்டும் இல்லை. திரும்பி வந்து என் தட்டினாள். திரையில் தோல்வி என்று சிவப்பாக ஒரு வரி விழுந்தது.

குழுத் தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு வயது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் புதிய பதிப்பைக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர்.

"என்னக்கா, நல்லாத்தானே கத்துச்சு? எனக்கு அங்கிருந்தே காதைக் குடைஞ்சுதே."

"எனக்குக் கேக்கலை தம்பி."

"இன்னொரு தடவை ஓட்டுங்க."

ஓட்டினார்கள். இந்த முறை ஒய்யக்கா இயந்திரத்தைப் பார்க்கவில்லை, அறையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தாள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் புருவத்தைச் சுளித்தார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். தனக்கு மட்டும் அங்கே எதுவுமே நடக்கவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு கதவைத் திறந்து உள்ளே போய்விட்டு, தன்னை மட்டும் வெளியே விட்டுத் தாழ் போட்டதுபோல் இருந்தது.

"காதைக் காட்டுங்கக்கா, டாக்டர்கிட்ட" என்றார் தலைவர். குரலில் கேலி இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அவளுக்கு அதுதான் சுட்டது.

மதியமே அரைநாள் விடுப்புப் போட்டுக் காது டாக்டரிடம் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஏதேதோ ஒலிகளை அனுப்பிப் பார்த்தார்கள். டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க வயசுக்கு நல்லாவே கேக்குதும்மா. ரொம்பக் கூர்மையா வர்ற சத்தம் மட்டும் வயசாக ஆகக் குறைஞ்சிடும். அது எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்குமா?"

"எனக்கும்தான்" என்றார் டாக்டர். அவர் தலையில் பாதி நரை.

வீட்டுக்கு வந்தவள் நேராக மாடிப்படி ஏறினாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி படியேறி வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

"உங்க வார்டுல நர்ஸுங்க எல்லாம் என்ன வயசிருக்கும்?" என்று கேட்டாள் ஒய்யக்கா.

"எதுக்கு அண்ணி? பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

"விளையாடாத. சொல்லு."

நாத்தனார் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். "பாதிப் பேரு என் வயசு. அம்பது, அம்பத்தஞ்சு. சின்னப் பொண்ணுங்க வருவாங்க, ரெண்டு வருஷத்துல வேற வேலை பாத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நோயாளிக்குத் துணைக்கு இருக்கறவங்க இருக்காங்களே, அவங்க பூரா வயசானவங்கதான்."

"மருந்து இறங்குற மெஷின் நின்னா எப்படித் தெரிஞ்சுக்குவே?"

"சத்தம் போடும்ல? நாப்பது கட்டிலையும் கண்ணாலயா பாத்துக்கிட்டே இருக்க முடியும்? காதை நம்பித்தான் அண்ணி ஓடிக்கிட்டிருக்கோம்."

ஒய்யக்கா நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை நாத்தனார் குறுக்கே பேசவில்லை. முப்பது வருஷத்தில் அதுதான் முதல் முறை. கடைசியில் அவள் முகம் இறுகியிருந்தது. "விட்டுக் குடுத்துடாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை ஒய்யக்கா டாக்டர் தந்த தாளைத் தலைவர் மேசையில் விரித்தாள். வார்டைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டார், தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, புரியுது. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். இப்போதைக்கு ஒரு மைக் வச்சு அளந்துட்டோம்னா பிரச்சினையே இல்லை. ஒலி வந்தா பாஸ்."

"மைக்குக்கு வயசாகாது தம்பி. திரை என்ன கேக்குது? ஒலி வந்துச்சான்னா? கேட்டுச்சான்னுதானே கேக்குது? எனக்குக் கேக்கலை."

"உங்க ஒருத்தருக்காக நிறுத்த முடியாதுக்கா."

"எனக்காக நிறுத்துன்னு நான் சொல்லவே இல்லையே" என்றாள். சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம்தான் அந்த வேலை நடந்தது. முழுச் சோதனையும் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு முன்னாலேயே ஒய்யக்கா எழுந்துபோய் இயந்திரத்தின் அருகில் நின்றுகொண்டாள். விளக்கு எரிந்தது. ஒலி இல்லை. சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று மேலே இருந்த விசிறியை நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து பார்த்தால் திரை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. இருநூற்றுப் பதினாலில் போய்க்கொண்டிருந்தது. மேலே நகர்த்திப் பார்த்தாள். ஒலி கேட்டதா? ஒய். சோதித்தவர் என்ற இடத்தில், யாரும் கூப்பிடாத அவளுடைய சொந்தப் பெயர்.

கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தாள். பிறகு, சோதனைகளை எழுதும் பெண்ணின் மேசைக்குப் போனாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்காமலேயே சொன்னாள்.

"முப்பது செகண்டுக்குள்ள யாரும் ஒண்ணும் தட்டலைன்னா ஒய்னு எடுத்துக்கச் சொல்லி எழுதச் சொன்னாங்கக்கா. காலையிலதான். எல்லாக் கேள்விக்குமே."

"அறுபத்தோரு கேள்விக்குமா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் செத்து நாற்காலியில சாஞ்சு கிடந்தாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக்கும்."

ஒய்யக்கா தன் மேசைக்குத் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த சோதனையை நிறுத்தினாள். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தலைவர் ஓடி வந்தார்.

"என்னக்கா பண்றீங்க? நாலு மணி நேர ஓட்டம் போச்சு!"

"நான் தட்டாத ஒய்க்கு என் பேரை எதுக்குத் தம்பி போட்டீங்க?"

"அது சும்மா ஒரு வசதிக்கு..."

"யாரு வசதிக்கு? குழாய் மடங்கிக் கிடக்கறவன் வசதிக்கா?" அவள் குரல் உயரவில்லை. அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கடைசித் தாள்ல சோதித்தவர்னு நான்தானே கையெழுத்துப் போடணும்? போட மாட்டேன். நீங்க ஆளை மாத்திக்குங்க, நாற்காலியைத் தூக்கி வெளியில போடுங்க. ஆனா அந்தத் தாள்ல என் பேரு இருந்தா, எதிர்ல என் பதில்தான் இருக்கணும்."

"இது உங்க வேலைக்கே பிரச்சினையாகும்க்கா."

"பத்தொன்பது வருஷ வேலை போனப்பவே நான் போகலை" என்றாள். படியிறங்கிப் போனாள்.

எங்கே போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கால்மணி நேரத்தில் நாலு பேரோடு திரும்பி வந்தாள். கணக்குப் பிரிவு அம்மா, சரக்கு அறைப் பொறுப்பாளர், உணவுக்கூடச் சமையல்காரர், வாசல் காவலாளி. எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சமையல்காரர் கையில் கரண்டியோடு வந்திருந்தார். "இது என்னக்கா சர்க்கஸா?" என்றார் தலைவர். ஒய்யக்கா காதில் வாங்கவில்லை. சோதனை எழுதும் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு நொடி தலைவரைப் பார்த்தாள், ஒரு நொடி ஒய்யக்காவைப் பார்த்தாள். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டை ஓட்டினாள். இளசுகள் முகம் சுளித்தார்கள். நாலு பேரும் பொம்மை மாதிரி நின்றார்கள். கணக்குப் பிரிவு அம்மாவுக்கு மட்டும் கொசு பறக்கிற மாதிரி ஏதோ கேட்டதாம். "நிஜக் கொசுவாக் கூட இருக்கலாம்" என்றும் சொன்னாள்.

இத்தனை களேபரத்தையும் கேட்டுத் தன் அறையிலிருந்து முதலாளி வந்துவிட்டார். அறுபத்தோரு வயது. தொழிற்சாலையைத் தன் கையால் எழுப்பியவர். நேரம் வீணாவது அவருக்கு ஆகாது. தலைவர் முந்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மைக்கில் அளந்ததையும், ஒலி போதுமான பலத்தில் இருப்பதையும், வெள்ளிக்கிழமையையும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் முதலாளி.

"நான் ஒண்ணும் சொல்லலை சார். அந்த நாற்காலியில உட்காருங்க. அது கேக்கும். நீங்களே பதிலைத் தட்டுங்க."

அவரை அந்த அறையில் யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. கொஞ்சம் தயங்கி உட்கார்ந்தார். அந்தப் பெண் இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து முப்பது விநாடி வரியை அழித்துவிட்டுச் சோதனையை ஓட்டினாள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தையே பார்த்தபடி இருந்தார். பத்து விநாடி போனது. இருபது போனது.

"எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார்.

"முடிஞ்சுபோச்சு சார்" என்றாள் ஒய்யக்கா.

முதலாளி சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். எட்டு இளம் முகங்கள், எட்டும் கேட்டிருந்தன. அவர் காதுமடல் சிவந்தது. வயதைப் பற்றி யாராவது பேசினாலே பேச்சை மாற்றுகிறவர் அவர், தலைக்கு மாதம் தவறாமல் சாயம் பூசுகிறவர். திரையில் கேள்வி நின்றுகொண்டிருந்தது. அவர் விரல் கீபோர்டுக்கு மேலே வந்து, ஒய்க்கும் என்னுக்கும் நடுவில் தொங்கியது. ஒய் தட்டிவிட்டு எழுந்து போயிருந்தால் அங்கே கேட்க ஆள் இல்லை. ஒய்யக்காவுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இரக்கம்கூட வந்தது. ஆனால் அவருக்குப் பக்கத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை.

அவர் என் தட்டினார்.

திரையில் தோல்வி என்று விழுந்தது. எழுந்தார். "ஆஸ்பத்திரிக்கு நானே பேசிக்கிறேன்" என்று தலைவரிடம் சொன்னார். கதவருகே போய்த் திரும்பி, "அந்த முப்பது செகண்டு விவகாரத்தை யார் பண்ணச் சொன்னது?" என்றார். தலைவர் தரையைப் பார்த்தார்.

புதிய பதிப்பு ஐந்து வாரம் தாமதமாகப் போனது. ஒலியைத் தாழ்த்தி, இரண்டு சுரமாக மாற்றினார்கள். தடதடப்பும் இல்லை, கொசுவும் இல்லை. நாற்பது கட்டில் வார்டில் ஒன்றை வைத்துப் பார்த்தபோது, அங்கே முதலில் ஓடி வந்தது நாத்தனார்தான். வீட்டுக்கு வந்து, "நல்லாக் கேட்டுச்சு அண்ணி" என்று படியில் நின்றே சொல்லிவிட்டு மேலே போனாள். அதற்குமேல் அவளிடமிருந்து எதிர்பார்ப்பது பேராசை. கணவர் மட்டும் ஒரு வாரம் பேருந்தில் ஏறிய எல்லோருக்கும் கதை சொன்னார். கதையில் முதலாளி அவள் காலில் விழாத குறைதான்.

ஆபீஸில் யாரும் அவளுக்கு மாலை போடவில்லை. தலைவர் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருஷக் கடைசியில் அவளைப் பற்றி எழுதிய தாளில், 'வேலையில் கவனம் உண்டு, ஒத்துழைப்புக் குறைவு' என்று எழுதினார். அதைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் அதற்குக் கீழே தன் கையால், 'எதற்கு ஒத்துழைக்கவில்லை என்பதையும் எழுதவும்' என்று எழுதி, அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாள் இரண்டு மேசை ஏறி இறங்கியது. கடைசியில் ஒத்துழைப்பைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு வேறு தாள் கொடுத்தார்கள்.

சோதனை எழுதும் பெண் மற்றக் கேள்விகளின் முப்பது விநாடி வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தாள். இப்போது யாரும் பதில் தட்டாவிட்டால் திரை காத்துக்கொண்டே நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும், ஆள் வரும்வரை.

ஒய்யக்காவுக்கு இப்போது ஐம்பத்தாறு. போன மாதம் மறுபடி ஒரு கூட்டம் போட்டார்கள். மனிதர்களைக் கேட்கும் கேள்விகளைப் பத்தாகக் குறைத்துவிட்டால் சோதனை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார் தலைவர். இந்தத் தடவை அவர் அவளையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார். கூப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கூப்பிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். அவள் அறுபத்தோரு கேள்விகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"விளக்கு எரியுதான்னு கேமரா பாக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. எடுத்துக்குங்க" என்று பதினாலு கேள்விகளை அவளே அடித்துக் கொடுத்தாள். தலைவர் முகம் மலர்ந்தது.

"இது?" என்று அடுத்த கேள்வியைக் காட்டினார். திரையில் உள்ள எச்சரிக்கையைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று புரிகிறதா?

"இதைத் தர மாட்டேன்."

"ஏன்க்கா? எழுத்து சரியா வந்திருக்கான்னு கேமராவே பாத்துடும்."

"எழுத்தைப் பாத்துடும். புரிஞ்சுதான்னு யாரு சொல்றது?"

தலைவர் வாதம் பண்ணினார். அவளும் பண்ணினாள். தேநீர் வந்து ஆறிப்போனது. ஒரு மணி நேரம் கழித்து அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரிக்கா, இருக்கட்டும்" என்றார்.

அவள் நோட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "இன்னும் நாப்பத்தாறு இருக்கு தம்பி. அடுத்தது கேளுங்க" என்றாள்.